கை பட்டது பட்டதுதான்

சிஸ்டர் தன்னுடைய ரேஷன் கார்டு ஜெராக்ஸை யாருக்கும் அப்படியே கொடுத்து நான் பார்த்ததில்லை. மெஷினிலிருந்து காப்பி வந்து விழுந்ததும், சூடு ஆறுவதற்குள் கைப்பையைத் திறந்து நீல மைப் பேனாவை எடுப்பார். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு, அச்செழுத்துகளின் மேலேயே சாய்வாக இரண்டு கோடுகள் போடுவார். கோடுகளுக்கு நடுவில் இந்தக் காப்பி யாருக்கு, எதற்கு, என்றைக்கு என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். கேஸ் சிலிண்டருக்கு மட்டும். அம்மாவின் ஆஸ்பத்திரி அட்மிஷனுக்கு மட்டும். அந்த 'மட்டும்' என்ற சொல்லுக்கு அடியில், பேனா முனை அழுந்த இன்னொரு கோடு.

"நல்லா வந்த காப்பிய இப்பிடிக் கெடுக்கறீங்களே சிஸ்டர்" என்பார் ஜெராக்ஸ் கடைக்காரர்.

"கெட்டுப்போனாதான் அடுத்தவனுக்கு ஆவாது" என்பார் அவர்.

அவருடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை. தன் பெயர் எங்கெங்கே எழுதப்படுகிறது என்பதில் அவ்வளவு கண்ணாக இருந்தவர். அவரைக் கேட்காமல் நான் எழுதுவது முறையல்ல. ஜீவனஹள்ளியில் எங்கள் காம்பவுண்டில் இருந்த வரிசை வீடுகளில் எல்லோருக்குமே அவர் சிஸ்டர்தான். ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் தியேட்டர் நர்ஸ். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். அப்பா இறந்த பிறகு ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அவர் பெயர்தான் இருந்தது. முட்டி வலியோடு அம்மா ஒருவர், ஜன்னலோரம் ஒரு யேசு படம், எப்போதும் டெட்டால் வாசனை. அதுதான் அவர் வீடு.

அடுத்த வீட்டு ஒற்றை அறையில் நான் இருந்தேன். திருப்பத்தூர் பக்கத்திலிருந்து வந்தவன். அடுகோடியில் ஓர் ஆபீஸில், யார் யாரோ நிரப்பித் தரும் விண்ணப்பங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். காகிதத்தில் அச்சாகி வந்த முதல் பெயரும் என்னுடையதுதான். என் மார்க் ஷீட்டை அப்பா அரிசிப் பானைக்குப் பக்கத்தில், டிரங்குப் பெட்டியில் பூட்டி வைத்திருந்தார். காகிதம் என்பது எங்களுக்கு ஒரு பாத்திரம் மாதிரி. களவு போனால் போச்சு; நசுங்காமல் திரும்பி வந்தால் வந்தாச்சு. அதற்கு மேல் அதில் ஒன்றும் இருப்பதாக நான் நினைத்ததில்லை.

சிஸ்டருக்கு அப்படி இல்லை. ஒருமுறை எனக்குக் காய்ச்சல் வந்து, டாக்டர் எழுதிக் கொடுத்த ஊசியைப் போட அவர் வந்தார். சிரிஞ்சு உறையின் ஓரத்தைப் பிரித்த நேரம் அவர் அம்மா கூப்பிட்டார். சிஸ்டர் அதை மேஜையில் வைத்துவிட்டுப் போய்த் திரும்பி வந்தார். அதற்குள் ஹவுஸ் ஓனர் அம்மாவின் பேரப்பிள்ளை அதை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்திருந்தான். சிஸ்டர் அதைத் தூக்கிக் குப்பைக் கூடையில் போட்டார்.

"ஊசி உறைய விட்டு வெளியவே வரலியே சிஸ்டர்" என்றேன். மறுபடி மெடிக்கலுக்கு நடக்க எனக்குத் தெம்பில்லை.

"பிரிஞ்சிருச்சு. கை பட்டது பட்டதுதான்."

"சின்னப் பையன் கைதானே."

"அவன் கைல அழுக்கு இருந்துச்சான்னு எனக்குத் தெரியாது. தெரியாதுன்னா அழுக்குன்னுதான் வெச்சுக்கணும். தியேட்டர்ல அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு அவரே மெடிக்கலுக்குக் கிளம்பிப் போனார்.

பை தொலைந்தது செல்போன் எல்லார் கைக்கும் வரத் தொடங்கியிருந்த நாட்களில். வளைகுடாவில் ஓர் ஆஸ்பத்திரி அவரைத் தேர்ந்தெடுத்திருந்தது. அதற்காக பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டு, அப்படியே அம்மாவையும் டாக்டரிடம் காட்டிவிட்டு ஆட்டோவில் வந்தார். ஒரு கையில் எக்ஸ்ரே கவர், இன்னொரு கையில் அம்மா. சீட்டுக்குப் பின்னால் வைத்த பை ஆட்டோவோடு போய்விட்டது. அதில் ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், நர்ஸிங் பதிவுச் சான்றிதழ், எல்லாம் ஒரிஜினல்.

மறுநாள் சாயங்காலம் ஆட்டோக்காரரே பையோடு வந்து நின்றார். ரேஷன் கார்டில் விலாசம் பார்த்து, விசாரித்து வந்திருந்தார். காம்பவுண்டே கூடிவிட்டது. ஹவுஸ் ஓனர் அம்மா மாரியம்மனுக்குத் தேங்காய் வேண்டியிருந்தார். அங்கேயே வாசலில் உடைத்தும் விட்டார். சிஸ்டர் எல்லாவற்றையும் சரிபார்த்தார். எதுவும் குறையவில்லை. ஆட்டோக்காரரை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு, நோயாளியிடம் விவரம் கேட்பது போல ஆரம்பித்தார்.

"பை ராத்திரி எங்கப்பா இருந்துச்சு?"

"ஸ்டாண்டாண்ட போன் பூத்துல குடுத்து வெச்சேன் மேடம். வூட்ல பசங்க கிறுக்கிடுவாங்கன்னு."

"பூத்துல யார் யார் இருப்பாங்க?"

"ஓனரு, அவர் மச்சான், நம்ம ஸ்டாண்டு பசங்க வந்து போவாங்க. ஏன் மேடம்? எதுனா காணமா?"

"ஒண்ணும் காணாமப் போவல. தொறந்து பாத்தது யாரு?"

ஆட்டோக்காரர் முகம் சுருங்கியது. காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். "எங்கம்மா சத்தியமா நான் ஒண்ணும் எடுக்கல. சந்தேகப்படறீங்களா?"

"உன்ன இல்லப்பா. டெட்டால் போட்டுக் கை கழுவுறவங்கல்லாம் அழுக்கானவங்களா? எத்தன கை பட்டுச்சுன்னு தெரிஞ்சா போதும். நீ காப்பியக் குடி."

அவர் குடித்தார். ஆனால் எத்தனை கை என்று அவருக்குத் தெரியவில்லை.

எல்லோரும் கலைந்த பிறகு சிஸ்டர் ரேஷன் கார்டை என்னிடம் நீட்டினார். அதன் பிளாஸ்டிக் உறைக்குள் கார்டை அவர் எப்போதும் தலைகீழாகத்தான் செருகுவார். மழைத் தண்ணீர் உள்ளே இறங்கினாலும் பெயர் இருக்கும் பக்கம் நனையாது என்பது அவர் கணக்கு. இப்போது கார்டு நேராக இருந்தது.

"யாரோ வெளிய எடுத்திருக்காங்க. உறையோட வெச்சா ஜெராக்ஸ்ல பளபளன்னு அடிக்கும், எழுத்து விழாது. அதான் எடுத்திருக்காங்க. திருப்பி வெக்கும்போது ஒழுங்கா வெச்சிருக்காங்க" என்றார்.

"விலாசம் பாக்க எடுத்திருக்கலாம் சிஸ்டர்."

"எடுத்திருக்கலாம். எனக்குத் தெரியாது." தெரியாது என்றால் அவருக்கு என்ன அர்த்தம் என்பது எனக்கு அதற்குள் பழகியிருந்தது.

மறுநாள் காலையில் போலீஸுக்கு ஒரு கடிதம் இங்கிலீஷில் எழுதித் தரச் சொன்னார். நான் ஆபீஸ் நடையில், ஆவணங்கள் பத்திரமாகக் கிடைத்துவிட்டன என்று எழுதினேன். படித்துப் பார்த்து, "அந்தப் பத்திரமாங்கறத எடு தம்பி" என்றார். "பத்திரமா வந்துச்சுன்னு உனக்குத் தெரியுமா? இந்தச் சாயங்காலத்துலேர்ந்து அந்தச் சாயங்காலம் வரைக்கும் என் கைல இல்ல. அவ்ளோதான் நமக்குத் தெரியும். அத மட்டும் எழுது."

ஹவுஸ் ஓனர் அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "இன்னாமா நீ. தேங்கா ஒடச்சாச்சு. மறுபடி அதையே பேசினா சாமிக்கு எப்பிடி இருக்கும்?"

"சாமிக்கு ஒண்ணும் ஆவாதும்மா. அவங்க பேர்ல யாரும் போயி எதையும் வாங்க முடியாது. என் பேர்ல முடியும்" என்று சிஸ்டர் செருப்பை மாட்டினார். எனக்கு அன்று மத்தியான ஷிஃப்ட். கூடப் போனேன். நாலு வார்த்தை எடுத்துச் சொல்லி அவரைத் திருப்பிக் கூட்டிவந்துவிடலாம் என்ற எண்ணமும் இருந்தது.

ஸ்டேஷனில் இருந்த ஏட்டு கடிதத்தை இரண்டு தரம் படித்தார். "பேக் சிக்தல்லம்மா. மத்தே யாகே கம்ப்ளெயிண்ட்டு?" பைதான் கிடைத்துவிட்டதே, அப்புறம் எதற்குப் புகார் என்று கேட்டார். நியாயமான கேள்வி என்றுதான் எனக்கும் பட்டது.

சிஸ்டர் கன்னடத்திலேயே விளக்கினார். பை கிடைத்தது, அதற்குள் என் பெயரை யாராவது ஒரு காப்பி எடுத்துக்கொண்டார்களா என்பது தெரியவில்லை, நாளைக்கு அந்தப் பெயரில் யாராவது எதையாவது செய்தால், இன்றைக்கே வந்து சொன்னேன் என்று இருக்க வேண்டும். ஏட்டு சிரித்தார். காணாமல் போனதற்கு எழுதலாம், திருட்டுக்கு எழுதலாம், திரும்பி வந்ததற்கு எழுத இங்கே பழக்கமில்லை என்றார்.

"பழக்கம் இல்லன்னா இன்னிக்கு ஆரம்பிக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு சிஸ்டர் சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ஏட்டுக்குத் தமிழும் புரியும் போலிருக்கிறது. நிமிர்ந்து பார்த்தார். யார் யாரோ வந்தார்கள், போனார்கள். ஒரு பைக் திருட்டு, ஒரு குடித்தனச் சண்டை. சிஸ்டர் மடியில் பையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கோபம் இல்லை, கெஞ்சல் இல்லை. தியேட்டரில் டாக்டருக்காகக் காத்திருக்கும்போதும் இப்படித்தான் நிற்பார் என்று நினைத்துக்கொண்டேன். "கிளம்பலாம் சிஸ்டர்" என்றேன். "உனக்கு வேல இருந்தா போ தம்பி. நான் லீவு போட்டிருக்கேன்" என்றார். என்னால் போக முடியவில்லை.

சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால், தொல்லை விட்டால் போதும் என்பது போல ஏட்டு கடிதத்தின் காப்பியில் சீல் வைத்து, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். சிஸ்டர் அவரிடம், "சார், என் முகத்த ஒருதரம் நல்லாப் பாத்துக்கோங்க. இந்தக் கார்டுல போட்டோ இல்ல. இந்தப் பேருக்கு இதுதான் முகம்" என்றார். ஏட்டு பார்த்தார். பார்க்காமல் வேறு வழி இருக்கவில்லை.

அதன் பிறகு பல நாள், ட்யூட்டி முடிந்ததும் இதே வேலையாகத்தான் அலைந்தார். பேங்குக்குப் போய் மேனேஜரிடம் கடிதத்தின் காப்பியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். செக் புத்தகமோ லோனோ கேட்டு யார் வந்தாலும் எனக்கு ஆள் அனுப்புங்கள் என்றார். கேஸ் ஏஜென்சிக்குப் போனார். ரேஷன் கடைக்குப் போனார். காக்ஸ் டவுன் பக்கம் புதிதாக முளைத்திருந்த செல்போன் கடைகளுக்கும் விடாமல் போனார். எல்லா இடத்திலும் கடைசியில் அதே வாக்கியம். "இந்தப் பேருக்கு இதுதான் முகம். பாத்துக்கோங்க."

ஒரு செல்போன் கடையில் டை கட்டிய பையன் ஒருவன் பக்கத்திலிருந்தவனுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, "மேடம், உங்க பேர்ல யாரு கனெக்சன் வாங்கப்போறா? நீங்க என்ன சினிமா ஸ்டாரா?" என்றான்.

"ஸ்டார் பேருன்னா எவனும் வாங்க மாட்டான், மாட்டிக்குவான். என் மாதிரி ஆளு பேர்லதான் வாங்குவான். நீ சிரிச்சு முடி, அப்புறம் இந்தக் காப்பில கையெழுத்துப் போடு."

அவன் சிரித்து முடித்துக் கையெழுத்துப் போட்டான். எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. தெருவில் இறங்கியதும், "இவ்ளோ வேணுமா சிஸ்டர்?" என்று கேட்டேன்.

"நான் நர்ஸ் ஆவணும்னு எங்கப்பா சைக்கிள்ல கூட்டிட்டுப் போயி விட்டாரு. அந்தப் பேர்ல இருக்கிறது பூரா நான் பண்ண வேல. அதுல ஒருத்தன் கை வெக்கறதுக்கு நான் ஒக்காந்து பாத்துட்டிருப்பனா?" என்றார். என் மார்க் ஷீட் ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை.

மழைக்காலம் வந்து போனது. ஒன்றும் நடக்கவில்லை. காம்பவுண்டில் கிண்டல்கூட அலுத்துப்போய் நின்றுவிட்டது. சிஸ்டர் மட்டும் ஒவ்வொரு ஜெராக்ஸிலும் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு நாள் காலையில் வாசலில் போலீஸ் நின்றது. பாஸ்போர்ட் விசாரணைக்கு வந்திருக்கிறார்கள் என்று அவர் அம்மா நாற்காலியைத் துடைத்துப் போட்டார். வந்தவர் உட்காரவில்லை. மரக்கடை முதலாளி ஒருவருக்கு ஒரு செல்போன் எண்ணிலிருந்து மிரட்டல் வருகிறதாம். எண் சிஸ்டர் பெயரில், இதே விலாசத்தில் இருக்கிறதாம். ஸ்டேஷனுக்கு வர வேண்டும்.

ஹவுஸ் ஓனர் அம்மா தன் வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். சிஸ்டரின் அம்மா அழுதார். "அவ்ளோதான், பாஸ்போர்ட் போச்சு. கேசுன்னு ஒண்ணு எழுதிட்டா எவன் குடுப்பான்?"

"அழாதம்மா. யூனிஃபார்ம் எங்க, ஐயர்ன் பண்ணதா?" என்றார் சிஸ்டர். புடவைக்கு மேல் குத்தும் பின்னை இரண்டு தரம் தவறவிட்டார். ஆனாலும் வெள்ளைப் புடவை, வெள்ளைச் செருப்பு என்று முழு நர்ஸாகத்தான் கிளம்பினார். நானும் போனேன். இந்த முறை அவரைத் திருப்பிக் கூட்டிவரும் எண்ணம் இல்லை.

சப் இன்ஸ்பெக்டர் இளைஞர். சேலம் பக்கத்துக்காரர் போலத் தமிழ் பேசினார். ஃபார்மை மேஜையில் போட்டார். "பேரு உங்களுது. அப்பா பேரு உங்களுது. ரேஷன் கார்டு காப்பி உங்களுது. என்ன சொல்றீங்க?"

சிஸ்டர் சீல் வைத்த கடிதத்தை எடுத்து ஃபார்முக்குப் பக்கத்தில் வைத்தார். "என்ன சொல்றேனோ அத அன்னிக்கே சொல்லிட்டேன் சார்."

அவர் இரண்டு தேதிகளையும் மாறி மாறிப் பார்த்தார். கனெக்சன் வாங்கியது பிற்பாடு. ஆனாலும் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. "கடுதாசி யார் வேணா எழுதலாம். பை திரும்பிக் கிடைச்சும் கம்ப்ளெயிண்ட் குடுத்தீங்களா? யாராவது குடுப்பாங்களா?"

சுவரோரம் நின்ற ஏட்டு முன்னால் வந்தார். "குடுத்தாங்க சார். இவங்கதான். அந்த பெஞ்சுல காலைலேர்ந்து ஒக்காந்திருந்தாங்க. மறக்க முடியாது சார், போகும்போது என்னை மூஞ்சப் பாத்து வெச்சிக்கச் சொன்னாங்க" என்றார். சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

ஜெராக்ஸைப் பாருங்கள் என்று சிஸ்டர் அடுத்ததைச் சொன்னார். நான் என்றைக்குமே கோடு போடாமல் ஒரு காப்பியும் கொடுத்ததில்லை, வேண்டுமானால் பேங்கில், கேஸ் ஏஜென்சியில் கேளுங்கள். இதில் கோடு இல்லை. சப் இன்ஸ்பெக்டர் கடைசியில் நாற்காலியைக் காட்டி அவரை உட்காரச் சொன்னார். கனெக்சனை டார்கெட்டுக்காகப் பொய்யாக எழுதி விற்கும் ஏஜெண்டுகள் சிலரை ஏற்கெனவே தேடிக்கொண்டிருப்பதாகவும், அவர் மேல் எதுவும் வராது, பாஸ்போர்ட்டுக்கும் தடை எழுத மாட்டேன் என்றும் சொன்னார். எனக்கு மூச்சு வந்தது.

நான் எழுந்துவிட்டேன். சிஸ்டர் எழவில்லை. ஃபார்மில் ஒட்டியிருந்த போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தார். இருபது வயதுகூட இருக்காத ஒரு பெண். இரட்டைப் பின்னல், தாவணிக்கு மேல் போட்ட சட்டை, முகத்தில் கொஞ்சம் பயம்.

"இந்தப் பொண்ணு யாரு சார்?"

"யாரோ. ஒரு எடத்துல பேப்பர் எடுப்பாங்க, இன்னொரு எடத்துல போட்டோ எடுப்பாங்க. அவ கிரிமினலாவும் இருக்கலாம்."

"இருக்கலாம். ஒண்ணும் தெரியாதவளாவும் இருக்கலாம்" என்றார் சிஸ்டர். பிறகு என்னிடம் திரும்பி, "பின்னால திரைய பாரு தம்பி. அந்தத் தையல்" என்றார். நீலத் திரையின் ஓரத்தில் வெள்ளை நூலில் ஒரு கிழிசல் தைக்கப்பட்டிருந்தது. அந்தத் திரைக்கு முன்னால் நானும் உட்கார்ந்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் எல்லோரும் பாஸ்போர்ட் சைஸ் எடுக்கும் ஸ்டுடியோ அது.

பாஸ்போர்ட் வந்தது. டிக்கெட்டும் வந்தது. பெட்டி கட்ட வேண்டிய நாட்களில் சிஸ்டர் அந்தப் பெண்ணைத் தேடினார். அவர் அம்மாவுக்கு ஆத்திரம். "உனக்குத்தான் எல்லாம் முடிஞ்சிருச்சே. இன்னும் எதுக்குடி அலையற?"

"எனக்கு முடிஞ்சிருச்சு" என்றார் சிஸ்டர்.

தாவணிக்கு மேல் சட்டை என்று சொன்னதுமே ஸ்டுடியோக்காரருக்கு ஞாபகம் வந்தது. கார்மெண்ட்ஸ் பெண்கள், ஐடி கார்டுக்காக ஒரு கூட்டமாக வந்து எடுத்தார்கள் என்றார். எந்த ஃபேக்டரி என்றும் சொன்னார். ஷிஃப்ட் விடும் நேரத்தில் நாங்கள் கேட்டுக்கு எதிரே நின்றோம். நூறு பின்னல்கள் வெளியே வந்தன. எனக்கு எல்லா முகமும் ஒன்றுபோலத் தெரிந்தது. சிஸ்டர் தெருவைக் கடந்து நேராக ஒரு பெண்ணின் முன்னால் போய் நின்றார்.

"கண்ணு, பயப்படாத. நான் நர்ஸ். உன் போட்டோவ வேற யாரோட பேப்பர்லயோ ஒட்டி ஏமாத்தியிருக்காங்க. நான் பாத்தேன்."

அந்தப் பெண் கிருஷ்ணகிரிப் பக்கம். கையிலிருந்த டிபன் பாக்ஸை மார்போடு அணைத்துக்கொண்டாள். மிச்சப் போட்டோக்களை, தனக்கும் தன் அக்காவுக்கும் வேறு வேலை வாங்கித் தருவதாகச் சொன்ன ஒருவரிடம் கொடுத்திருக்கிறாள். அதோடு மறந்துவிட்டாள்.

"எனக்கு ஒண்ணும் தொலையலயேக்கா" என்றாள்.

"எனக்கும் அதான் சொன்னாங்க. வா."

அவள் தோழி ஒருத்தி, "போலீசுக்கெல்லாம் போனா வேல போயிடும்டி" என்று இழுத்தாள். அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். சிஸ்டர் அவள் கையைப் பிடிக்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. அன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்த அதே பொறுமையோடு நின்றார். கடைசியில் அந்தப் பெண் டிபன் பாக்ஸைத் தோழியிடம் கொடுத்துவிட்டு எங்களோடு நடந்தாள்.

நாங்கள் மூன்று பேரும் ஸ்டேஷனுக்குள் நுழைந்தபோது ஏட்டு நிமிர்ந்து பார்த்தார். சிஸ்டரைப் பார்த்தார். பக்கத்தில் நின்ற பெண்ணைப் பார்த்தார். என்ன விஷயம் என்று கேட்கவே இல்லை. "கூத்கொள்ளி" என்று பெஞ்சைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, டிராயரைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நீட்டினார்.

அந்தப் பெண் தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "இதுல என்னக்கா எழுதணும்?"

சிஸ்டர் தன் கைப்பையைத் திறந்து நீல மைப் பேனாவை அவளிடம் கொடுத்தார்.

"மொதல்ல உன் பேர எழுது. முழுசா."